சுருங்க மறுத்த ஊர்

கம்பெனிக்காரர்கள் வானத்திலிருந்து எடுத்த படம் கலெக்டர் ஆபீஸ் மாடியில் ஓடி முடிந்த மறுநாள் விடிந்தபோது, முள்ளித்தட்டு உப்பளக் குடியிருப்பில் ஞானத்தங்கத்தின் மோவாயில் பிறந்ததிலிருந்து இருந்த மரு காணாமல் போயிருந்தது, பக்கத்து வீட்டு ஆரோக்கியத்தின் சேலையிலிருந்த பூக்களெல்லாம் ஒன்றோடொன்று கரைந்து வெறும் ரோஸ் நிறமாகிக் கிடந்தன, சிலுவைமுத்துவின் டீக்கடையோரத்து உடைமரம் இலை இலையாக இல்லாமல் பச்சைத் துணியைப் போர்த்தியதுபோல நின்றது. ஆனாலும் அன்றைக்குத் தண்ணி லாரி வருகிற நாள் என்பதால் யாரும் முதலில் அதைப் பற்றிப் பேசவில்லை, குடங்களை வரிசையில் வைத்து இடம் பிடித்த பிறகுதான் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"ஏட்டி ஆரோக்கியம், ஒன் மூக்கு எங்க?"

"இருக்குக்கா. தடவிப் பாத்தேன், கையில தட்டுப்படுது. கண்ணுக்குத்தான் தெரியல."

"அப்பச் சரி. கொடத்தை நகட்டு."

படம் எடுத்தவர்கள் பொய்யாக எதையும் அதில் சேர்க்கவில்லை. கடலோரத்தில் சரக்குக் கிடங்கு கட்ட ஒரு கம்பெனிக்கு இடம் தேவைப்பட்டது, அந்த இடத்தில் குடியிருப்பு இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது, அதற்காக ட்ரோனைப் பறக்கவிட்டு நல்ல கேமராவில் நல்ல வெயிலில் ஊரை முழுசாகத்தான் எடுத்தார்கள். பிறகு அந்தப் பெரிய படத்தை, கல்யாணப் பந்தலை மடித்துத் தீப்பெட்டிக்குள் திணிப்பதுபோல, சுருக்கினார்கள், மேலும் சுருக்கினார்கள். சுருக்குகிற இயந்திரத்துக்கு வெள்ளையும் வெள்ளையும் ஒன்று. உப்பு அம்பாரம் வெள்ளை, சுண்ணாம்பு அடித்த சுவர் வெள்ளை, பங்குனி வெயிலில் வானம் வெள்ளை, உப்பு வாரப் போகிற பெண்கள் தலையில் போட்டிருக்கும் துண்டு வெள்ளை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வெள்ளை என்று எழுதிக்கொண்டு மீதியை அது கீழே போட்டுவிட்டது. மாடியில் உட்கார்ந்து பார்த்த அதிகாரி, "காலி இடந்தானே," என்றார். அந்தச் சொல் அவர் வாயைவிட்டு இறங்கிய நேரத்திலிருந்து ஊர் படத்தைப்போல ஆகத் தொடங்கியது.

முகம் மங்கினாலும் பசி மங்கவில்லை, ஆகவே ஊர் தன் பாட்டுக்கு வேலைக்குப் போனது. பெற்றவர்கள் பிள்ளைகளை நடையை வைத்து அடையாளம் கண்டார்கள், பிள்ளைகள் பெற்றவர்களை வசவை வைத்து அடையாளம் கண்டார்கள். வயசானவர்களில் சிலருக்கு உள்ளூரச் சந்தோஷம், கன்னத்துச் சுருக்கமெல்லாம் போய் மாவு பிசைந்து வைத்ததுபோல் இருக்கிறது என்று கண்ணாடிக்கு முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார்கள். ஆரோக்கியத்தின் மகள் ஜெனோவாவைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு மொகம் சரியாத் தெரியலையே," என்று இழுத்தபோது, "ஒங்க மவன் மொகம் எங்களுக்கு நல்லாத் தெரியுது, அதுல என்னத்தக் கண்டோம்?" என்று ஆரோக்கியம் கேட்டாள்; உள்ளேயிருந்து ஜெனோவா சிரித்த சிரிப்பைக் கேட்டே மாப்பிள்ளை சம்மதம் சொன்னான். மாதாவின் சப்பரத்தை இழுத்து வெளியே வைத்துப் பார்த்ததில் மாதாவின் முகமும் நாலைந்து கட்டங்களாகத்தான் இருந்தது, அதன் பிறகு யாரும் தன் முகத்தைப் பற்றிக் கோவிலில் முறையிடவில்லை.

ரேஷன் கடையில்தான் முதன்முதலாக அது வலித்தது. பெருவிரலை வைக்கச் சொல்லுகிற மெஷின், ரேகை இல்லை என்று சிவப்பு விளக்கைக் காட்டியது. விரலைக் கழுவி வைத்தார்கள், துடைத்து வைத்தார்கள், நாக்கில் தொட்டு வைத்தார்கள். ஆள் இல்லை, ஆள் இல்லை என்றே அது சொல்லிக்கொண்டிருந்தது. ரேஷன் கடைக்காரர் கெட்டவர் இல்லை. "எனக்கு ஒங்க கொரல் தெரியுதம்மா, மெஷினுக்குக் காது கெடையாதே," என்றார். வெறும் பையோடு திரும்பி வந்த அன்றைக்கு ஞானத்தங்கம் பஸ் ஏறி, நாலு ரோடு கூடுகிற சந்திப்புக்குப் போய், தன் நாத்தனார் பிரகாசியின் கடை வாசலில் நின்றாள்.

பிரகாசி முள்ளித்தட்டில் பிறந்தவள், உப்பு வாராமல் தப்பித்தவள். சந்திப்பில் கல்யாணம், ஞானஸ்நானம், கொடியேற்றம் என்று எல்லாவற்றையும் படம் எடுத்து, வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுக்கிற வீடியோ கடை வைத்திருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், யாரிடமும் அதிகம் பேசாதவள், திரையைப் பார்த்துப் பார்த்து மனிதர்களையும் கண்ணைச் சுருக்கியே பார்க்கிற பழக்கம் வந்துவிட்டவள். அண்ணன் மனைவி வாசலில் வந்து நின்றதும் அவள் நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கி, பிறகு விரித்து, எழுந்தே விட்டாள்.

"மதினி, ஒங்க மூஞ்சி கட்டங்கட்டமா இருக்கு."

"எனக்குத் தெரியாதா? ஊரே அப்படித்தான் இருக்கு. இது என்ன வியாதி?"

"வியாதி இல்ல. மோசமாச் சுருக்கின படம் இப்படித்தான் இருக்கும். நெதம் பாக்கேன்ல."

அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, கோபம்தான் வந்தது. தன் தொழிலில் இத்தனை வருஷமாகப் பின்வரிசைக்காரர்களின் முகத்தைக்கூடக் கலங்கவிடாமல் படம் கொடுத்து வந்தவளுக்கு, தன் பிறந்த ஊரை எவனோ அவசரத்தில் ஒரு பட்டனைத் தட்டிக் கழுவிவிட்டிருக்கிறான் என்பது பொறுக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு மதினியோடு பஸ் ஏறினாள். முள்ளித்தட்டு வளைவில் பஸ் நிற்காமல் போகப் பார்த்தது, டிரைவருக்கு அங்கே வெறும் வெள்ளைதான் தெரிந்தது. நிறுத்தத்தில் சும்மா நின்றிருந்தவர்களை அவர் பார்க்கவில்லை, குடையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்த ஒருத்தியைக் கண்டு பதறிப் பிரேக் போட்டார். பிரகாசி அதைக் கவனித்து மனசுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஊரில் இறங்கியதும் அவள் முதலில் கேட்டது, "அந்தப் படம் யார் போன்ல இருக்கு?" என்பதுதான். எல்லோர் போனிலும் இருந்தது. டீக்கடைச் சிலுவைமுத்துதான் எங்கிருந்தோ வாங்கி ஊர்க் குரூப்பில் போட்டிருந்தார், குரூப்பிலிருந்து மைத்துனனுக்கு, மைத்துனனிடமிருந்து அவன் கூட்டாளிகளுக்கு, அங்கிருந்து சுற்றித் திரும்ப ஊருக்கே என்று அது ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அனுப்புகிற ஒவ்வொரு தடவையும் போன் அதை இன்னும் கொஞ்சம் சுருக்கும். படம் ஒரு கை மாறும்போது ஊர் ஒரு பிடி மங்கியது.

"அண்ணாச்சி, இனிமே அதை யாருக்கும் அனுப்பக் கூடாது."

"நியாயத்தக் கேக்கத்தான தாயி அனுப்புதேன்! நம்ம ஊரை என்ன பாடு படுத்தியிருக்கான் பாருங்கன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிய வைக்க வைக்க நாம தெரியாமப் போறோம்."

சிலுவைமுத்து போனைக் கீழே வைத்தார், அதற்குள் விரல் பழக்கத்தில் இன்னொரு ஆளுக்குப் போய்விட்டது. எதிரே கடலுக்குள் நின்றிருந்த தோணியின் பாய்மரக் கயிறுகள் அந்தக் கணமே ஒன்றாய் ஒட்டிக்கொண்டன. அவர் போனைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, சர்க்கரை டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

மறுநாள் காலையில் பிரகாசி தன் கேமராவைக் கொண்டுவந்து ஞானத்தங்கத்தை உப்புப் பாத்தியோரம் நிற்கவைத்துக் கொஞ்ச நேரம் எடுத்தாள். படத்தைச் சுருட்டி மடக்குகிற முறைக்குத் தொழிலில் கோடெக் என்று பெயர். சுருட்டாமல் எந்தப் படத்தையும் எங்கும் அனுப்ப முடியாது, ஆனால் பாய் சுருட்டுகிறவனுக்கும் பாய் கசக்குகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு. ஒரே பட்டனில் வேலையை முடிக்கிற மென்பொருளை அவள் தொடவில்லை. காசு கேட்காத, ஆனால் திருகுகள் நிறைந்த, ஒவ்வொரு திருகுக்கும் பதில் சொல்லவேண்டிய இன்னொன்றைத் திறந்தாள். அளவைப் பற்றிக் கவலைப்படாதே, முகத்தில் ஒரு ரோமத்தையும் விடாதே என்று அதற்குக் கட்டளை கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் வேலை முடிந்தது, படத்தை ஓடவிட்டார்கள், ஆரோக்கியம் "ஏ!" என்று கத்தினாள். ஞானத்தங்கத்தின் மரு திரையிலும் நேரிலும் மோவாயில் வந்து உட்கார்ந்திருந்தது, கண்ணோரத்து உப்புக்கொப்புளத் தழும்பும், நெற்றியில் அம்மைத் தழும்பும், மேலுதட்டில் லேசான மீசையும்.

"இந்த மீசைய விட்டிருக்கலாம்லா," என்றாள் ஞானத்தங்கம். ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள், கண்ணீர் துளித்துளியாகத் தெளிவாகத் தெரிந்தது.

அப்போது ஊருக்கு நம்பிக்கை வந்தது. கிடங்குக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் அதை வீடியோவாகவும் அனுப்பலாம் என்று அரசாங்க இணையதளத்தில் போட்டிருந்தார்கள். ஆனால் அது ஏற்றுக்கொள்ளுகிற அளவு, ஒரு பிறந்தநாள் கேக் வெட்டுவதைக்கூட முழுசாகக் காட்டமுடியாத அளவு. அந்தச் சின்னப் பெட்டிக்குள் முள்ளித்தட்டு முழுவதும் போக வேண்டும். கோவில் கொட்டகையில் ஊர் கூடியது, மாப்பிள்ளை பார்ப்பதுபோலக் கோடெக் பார்த்தார்கள்.

"பழசு ஒண்ணு இருக்கு," என்றாள் பிரகாசி. "எந்தப் பெட்டியில போட்டாலும் ஓடும், யாரையும் எதுத்துப் பேசாது. ஆனா எடம் நெறைய கேக்கும். அதுக்கு அடுத்தது பாதி எடத்துல அடங்கும், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓடுமான்னு சொல்ல முடியாது. புதுசு ஒண்ணு வந்துருக்கு, அதைவிடக் கெட்டி, ஆனா எம் மெஷின் அதைச் செஞ்சு முடிக்கதுக்குள்ள கூட்டமே முடிஞ்சிரும்."

"பழசையே கட்டி வைப்போம்," என்றார் சிலுவைமுத்து. "அவிய ஆபீஸ் கம்ப்யூட்டர நான் பாத்துருக்கேன். அதுக்கு நம்மளவிட வயசு கூட."

பழசு என்றே முடிவானது. ஆனால் பழசைக் கட்டினால் எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெட்டிக்குள் ஊர் அடங்காது. எதை விடுவது? வானத்தை விடலாம், அது என்ன நம்முடையதா என்றார்கள். பிரகாசி சோதனைக்காக வானத்திலிருந்து கொஞ்சம் எடுத்தாள்; முள்ளித்தட்டுக்கு மேலே வானம் படிக்கட்டு படிக்கட்டாக நின்றது, கொக்குகள் படி விளிம்பில் தயங்கித் தயங்கிப் பறந்தன. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாள். உப்பிலிருந்து எடுத்தாள், அம்பாரங்களில் மினுமினுப்புப் போய்ச் சுண்ணாம்புக் குவியலாகிவிட்டன, உப்பு ஏற்ற வந்த லாரிக்காரர் ஒரு உப்புக்கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அதையும் திருப்பிக் கொடுத்தாள். சத்தத்திலிருந்து எடுத்தாள், கடல் தகரத்தில் கொட்டுவதுபோல அலையடித்தது, தொட்டிலில் கிடந்த குழந்தைகள் எல்லாம் ஒன்றாக அழுதன. அப்போது கொட்டகையின் பின்பக்கமிருந்த வயசாளிகள் எழுந்து, "எங்ககிட்டயிருந்து எடு தாயி, நாங்க எவ்வளவு நாள் இருக்கப் போறோம், பிள்ளைகளுக்குக் கொடு," என்றார்கள். அது நல்ல யோசனைபோலவும், கேட்கவே கூசுகிற யோசனைபோலவும் இருந்தது.

ஞானத்தங்கம் எழுந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கேன். அந்தப் பெட்டி சின்னது. சரி. அதைச் சின்னதாச் செஞ்சது யாரு? நாமளா?"

அவளே தொடர்ந்தாள்.

"பின்ன என்னத்துக்கு நாம கொறையணும்? வானத்தக் கொறை, உப்பைக் கொறை, கெழவனைக் கொறைன்னு நம்மளே நம்மள அறுத்துட்டு நிக்கோம். எவன் ஊரு இது? பெட்டிக்குள்ள அடங்கலைன்னா பெட்டிய ஒடைக்கச் சொல்லு. நான் அடங்க மாட்டேன்."

"அனுப்பலைன்னா ஆட்சேபணை இல்லைன்னு எழுதிருவானே மதினி," என்றாள் பிரகாசி.

"எழுதட்டும். எழுதினவன் கையைப் பிடிச்சு இங்க கூட்டிட்டு வா. இந்தக் கண்ணுக்கு எந்தப் பெட்டியும் வேண்டாம்."

அன்றைக்கு அந்தப் படத்தை அனுப்புவதில்லை என்று முடிவானது. ஊருக்குத் திரும்பவும் பயம் வந்தது, ஆனாலும் தலை நிமிர்ந்திருந்த பயம்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நெருங்கியபோது ஆபீசிலிருந்து புதிய ஏற்பாடு ஒன்று சொன்னார்கள். வெயில் கடுமையாக இருப்பதால் அதிகாரிகள் மாடியிலேயே இருப்பார்கள், ஊர்க்காரர்கள் ஊரிலேயே இருக்கலாம், நடுவில் நேரலை வீடியோ ஓடும், சப் கலெக்டர் திரையில் இடத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே எழுதிவிடுவார். நேரலைக்கு ஆள் வேண்டுமென்று பக்கத்திலிருக்கிற வீடியோ கடைக்கே வேலை வந்தது. பிரகாசி ஏற்றுக்கொண்டாள். கம்பெனி தரப்பில் மேற்பார்வைக்குத் தினகர் என்பவன் வந்தான். வானத்திலிருந்து படம் எடுத்ததும் சுருக்கியதும் அவன்தான். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம் விழுந்த, மரியாதையாகப் பேசுகிற இளைஞன். தொழிலில் இருவருக்கும் தெரிந்தது ஒன்றேதான், தெரிந்ததைத்தான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

"நெட் லைன் ரொம்பச் சின்னதுக்கா," என்றான். "அளவைக் கட்டி வெச்சிட்டேன். இவ்வளவுக்கு மேல போகாது. எல்லாரையும் அசையாம நிக்கச் சொல்லுங்க, படம் நின்னு வரும்."

"அசையாம நின்னா மெஷின் என்ன செய்யும் தம்பி?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "முன்னால இருந்த மாதிரியேதான் இருக்குன்னு விட்டுடும். திரும்ப எழுதாது."

"அசைஞ்சா?"

"எழுதியே ஆகணும். ஆனா இந்த லைன்ல இவ்வளவு பேர் அசைஞ்சா எழுத எடம் பத்தாது. எல்லாம் கட்டம் கட்டமா உடைஞ்சுபோகும். அப்புறம் இவங்க..." என்று பாத்திகளைப் பார்த்தான். முகமில்லாத பெண்கள் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான். "எனக்குத் தெரியும்க்கா. வந்து இறங்கினதுமே தெரிஞ்சுபோச்சு. நான் இப்படி ஆகும்னு செய்யல."

"தெரியும். காலி எடம்னு சொன்னவனும் அப்படித்தான் சொல்லுதான், எடம் கேட்டவனும் அப்படித்தான் சொல்லுதான்."

அவள் ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டுச் சுருக்கமாகத்தான் சொன்னாள். மனுக் கொடுக்கப் போனபோதெல்லாம் வரிசையில் அசையாமல் நின்றோம், கூட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம், பஸ் நிறுத்தத்தில் நின்றோம், எங்கே நின்றோமோ அங்கே நம்மைத் திரும்ப எழுத வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள். நாளைக்கு யாரும் நிற்கக் கூடாது. ஒருத்தர் அசைவது போல இன்னொருத்தர் அசையக் கூடாது. ஒரே மாதிரி அசைந்தால் அதையும் அது மடித்துவிடும்.

"உடைஞ்சுபோவோம்னு அந்தத் தம்பி சொல்லுதானே?" என்றாள் ஆரோக்கியம்.

"லைன் என் கையில இருக்கு," என்றாள் பிரகாசி. அதற்கு மேல் அவளுக்கே நிச்சயமில்லை.

கூட்டத்தன்று வெயில் ஏறிய நேரத்தில் கேமரா மேட்டில் நின்றது, மாடியில் திரை விழித்தது, வெள்ளை வெள்ளையாக ஒரு வெளி அதில் தெரிந்தது. "ஆரம்பிக்கலாம்," என்று யாரோ சொன்னது ஒலிபெருக்கியில் கேட்டது. ஞானத்தங்கம் குனிந்து இரண்டு கை நிறைய உப்பை அள்ளி ஆகாசத்துக்கு எறிந்தாள்.

அதன் பிறகு முள்ளித்தட்டில் யாரும் நிற்கவில்லை. ஒருத்தி உப்பை எறிந்தாள், ஒருத்தி பாத்தித் தண்ணீரைக் காலால் உதைத்தாள், ஜெனோவா ஜிகினா வைத்த கல்யாணச் சேலையைப் பிரித்து வெயிலில் உதறினாள், சிலுவைமுத்து ஆற்றுகிற டீயை வழக்கத்தைவிட உயரமாக ஆற்றி ஆற்றிக் காற்றில் சிதறவிட்டார், வயசாளிகள் கம்பை ஊன்றி ஊன்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு தாளத்தில் ஆடினார்கள், பிள்ளைகள் கலர் காகிதத்தைக் கிழித்துப் பறக்கவிட்டார்கள், சப்பரத்தைத் தூக்கி வந்தவர்கள் அதை இடமும் வலமும் சாய்த்து ஓடினார்கள், நாய்கள் ஓடின, கொக்குகள் எழுந்தன, காற்றும் எங்கிருந்தோ வந்து தன் பங்குக்கு உடைமரங்களைப் பிடித்து உலுக்கியது. ஒரு நொடி மாதிரி அடுத்த நொடி இல்லை, ஒரு துளி மாதிரி அடுத்த துளி இல்லை. மடிக்க வந்த இயந்திரத்துக்கு மடிப்பு எதிலும் பிடிபடவில்லை.

தினகர் திரையைப் பார்த்துக் கத்தினான். "உடையுதுக்கா! நிறுத்தச் சொல்லுங்க!"

பிரகாசி பார்த்தாள். உண்மைதான், லைன் சின்னது, அளவு கட்டியிருந்தது, அந்த அளவுக்குள் இத்தனை பேரையும் திணிக்கிற வேகத்தில் இயந்திரம் எல்லோரையும் நொறுக்கிக்கொண்டிருந்தது. மேட்டுக்குக் கீழே ஆரோக்கியத்தின் கை பெரிய பெரிய கட்டங்களாக உதிர்ந்தது, கூத்தாடிய ஒரு கிழவர் இடுப்புக்குக் கீழே வெறும் சாம்பல் சதுரமானார், ஞானத்தங்கத்துக்கு முகமே இல்லை, குரல் மட்டும் "எறிங்கட்டி! நிறுத்தாதிய!" என்று வந்துகொண்டிருந்தது. இப்போது எல்லோரையும் நிற்கச் சொல்லலாம். நின்றால் உயிரோடு வெள்ளையாகிவிடலாம். பிரகாசி, தினகர் கட்டி வைத்திருந்த அளவை அழித்தாள். அளவைப் பிடிக்காதே, தரத்தைப் பிடி, ஒரு ரோமத்தையும் விடாதே, எவ்வளவு இடம் ஆனாலும் ஆகட்டும் என்று மாற்றினாள்.

"லைன் தாங்காதுக்கா. படம் போய்ச் சேராது. நின்னுடும்."

"நிக்கட்டும். இன்னைக்கு நிக்க வேண்டியது அதுதான்."

அவன் கையை நீட்டினான். அவளைத் தள்ளிவிட்டு அளவைத் திரும்பக் கட்ட அவனுக்கு ஒரு நொடி போதும். கீழே கிழவரின் கால்கள் விரல் விரலாக, நகம் நகமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. தினகர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு நீட்டிய கையை மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

மாடியில் திரை அசையாமல் நின்றது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வரும், இதோ வந்துவிடும் என்றார்கள், வயரைப் பிடுங்கிச் செருகினார்கள், இங்கே மேட்டில் போன் அடித்தது, "படம் வரலையே!" என்றது. "இங்க நல்லாத்தான் இருக்கு," என்றாள் பிரகாசி. "ஏதாவது குறைச்சு அனுப்ப முடியாதா?" என்றது. "முடியாது. கொறைக்க இங்க ஒண்ணும் இல்ல." போனை வைத்தாள். அனுப்ப முடியாத படம் அவள் கம்ப்யூட்டருக்குள் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்துகொண்டிருந்தது. கேமராவுக்குப் பின்னால் இனி வேலை எதுவும் மிச்சமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மேட்டிலிருந்து இறங்கி, அத்தனை வருஷமாக யார் படத்துக்குள்ளும் நுழையாதவள் அந்தப் படத்துக்குள் நுழைந்து, மதினிக்குப் பக்கத்தில் போய் உப்பை அள்ளினாள். கையில் ஆறாத வெட்டுக்காயத்தில் அது சுரீரென்று எரிந்தது. அவள் எறிந்தாள்.

எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. கால் ஓய்ந்தவர்கள் கையை ஆட்டினார்கள், கை ஓய்ந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். படம் வராததால் ஆள் வந்தது. வளைவில் ஜீப் திரும்பியபோது டிரைவருக்குக் கண் கூசியது, அவ்வளவு வீடு, அவ்வளவு மரம், அவ்வளவு முகம். பிரேக்கை மிதித்துவிட்டு, "மேடம், இங்க ஊர் இருக்கு," என்றார்.

சப் கலெக்டர் இறங்கினார். இளம்பெண், வேலைக்கு வந்து அதிக நாள் ஆகாதவர். கையில் மூடிய கோப்பு இருந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தார், ஆரோக்கியத்தின் சேலையில் பூப்பூவாகப் பார்த்தார், உடைமரத்தில் இலை இலையாகப் பார்த்தார், கிழவரின் கன்னத்தில் கோடு கோடாகப் பார்த்தார். அவர் பார்த்த இடமெல்லாம் ஊர் பழையபடி அழுத்தமாக வந்து உட்கார்ந்தது.

"இத்தனை பேர் இருக்கீங்களா?" என்றார்.

"எண்ணிப் பாருங்க," என்றாள் ஞானத்தங்கம், ஆடிக்கொண்டே.

அந்தக் கோப்பு அன்றைக்கே திரும்பிப் போனதும், குடியிருப்பு உண்டு என்று புதிதாக எழுதப்பட்டதும், கம்பெனி வேறு கரையைத் தேடிப் போனதும், அந்தக் கரைக்காரர்கள் பிரகாசியின் கடையைத் தேடி வந்ததும், தினகர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவள் கூடவே கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே போனதும் பின்னால் நடந்தவை. அந்த மத்தியானத்தில் நடந்தது வேறு. சப் கலெக்டர் கோப்பைத் திறந்து, பேனாவை எடுத்து, எழுதுவதற்கு வாகாகப் பாத்தி வரப்பில் கால்களைச் சேர்த்து அசையாமல் நின்றார். நின்ற கணத்தில் அவருடைய சேலைக்கரை லேசாகக் கலங்கியது, பேனா பிடித்த விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. அவருக்கு அது தெரியவில்லை. பிரகாசிக்குத் தெரிந்தது. அவள் ஒரு கை உப்போடு கிட்டே போய், சிரிக்காமல், மரியாதை குறையாமல் சொன்னாள்:

"நிக்காதிய மேடம். இங்க நின்னா காணாமப் போயிருவிய. காலை ஆட்டிக்கிட்டே எழுதுங்க."